பதினான்கு நாளும் மூன்று நாடுகளும்

ஐரோப்பாக் கண்டத்தின் வடபால் டென்மார்க், சுவீடன், நோர்வே என்னும் மூன்று நாடுகள் அயலயலாக அமைந்திருக்கின்றன. ஸ்கண்டிநேவியா என்று உலகம் வழங்குவது இம்மூன்றையுமே. பின்லாந்தும் ஐஸ்லாந்தும் உடன்சேரும்போது அவற்றை நோர்டிக் நாடுகள் என்பர். பாடசாலைத் தேசப்படத்தில் இம்மூன்று நாடுகளும் ஒரு சாண் அளவினுள் அடங்கிவிடும். அந்த ஒரு சாணைக் கண்டு ஏமாறுவோர் பலர். டென்மார்க்கின் தென்னெல்லையிலிருந்து நோர்வேயின் வடகோடி வரையுள்ள தூரம் ஆகாய வழியிலேயே 1,800 கிலோமீற்றருக்குக் குறையாது. இடையிலே கடல் உண்டு, மலை உண்டு, ஏரி உண்டு, ஆயிரக்கணக்கான தீவுகளும் உண்டு.

ஆகவே, இரண்டு வாரக் கோடை விடுமுறையில் குடும்பத்தோடு அந்நாடுகளைச் சுற்றிவர எண்ணுவோர், எதை எதைப் பார்க்கலாம் என்று கேட்பதற்கு முன்னே, எதை எதை விடலாம் என்று கேட்டுக்கொள்ளுதல் நன்று.

உதாரணத்துக்கு ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளலாம். தந்தை, தாய், பன்னிரண்டு வயது மகன், ஏழு வயது மகள், தந்தையின் தாயாராகிய எழுபத்திரண்டு வயது மூதாட்டி ஆகிய ஐவர். பல ஆண்டுகள் சேமித்த பணம் இருக்கிறது. யூலை மாதத்திற் பதினான்கு நாள் விடுமுறையும் இருக்கிறது. மூதாட்டிக்கு முழங்கால் வலி உண்டு. இன்னும் சில ஆண்டுகளில் இத்தகைய நெடும் பயணம் அவருக்கு இயலாமற் போகலாம். மகனும் வளர்ந்து வருகிறான்; பெற்றோரோடு விடுமுறைக்குச் செல்வதை விரும்பும் பருவம் விரைவிற் கடந்துபோகும். எனவே, இந்த ஐவரும் ஒருங்கே செல்லக்கூடிய பயணம் இது ஒன்றே என்பதைத் தந்தை அறிவார். அறிந்த காரணத்தினாலேயே அவர் ஒன்றையும் விட மனமில்லாதவராகிறார்.

ஓர் இரவு அவர் மேசையிலமர்ந்து திட்டம் தீட்டுகிறார். கொப்பன்ஹேகன், ஓடென்சே, கோதன்பேர்க், ஸ்டொக்ஹோம், ஒஸ்லோ, பேர்கன், துரொன்ஹைம், துரொம்சோ, அதற்கும் அப்பால் நோர்ட்காப் என்னும் வடமுனை. பதினான்கு நாளில் ஒன்பது ஊர்கள். தாளை வாங்கிப் பார்த்த மனைவி அமைதியாக ஒரு கேள்வி கேட்கிறார்:

"இதிலே நாங்கள் உறங்குவது எந்த நாள்?"

இந்தக் கேள்வியின் பெறுமதியை உணர்வதற்கு, அவர்கள் பார்க்க விரும்பும் ஊர்களுள் ஒன்றாகிய ஸ்டொக்ஹோமிலேயே தக்கதொரு சான்று நிற்கிறது. அதுதான் வாசா என்னும் போர்க்கப்பல். சுவீடனின் மன்னன் இரண்டாம் குஸ்தாவ் அடோல்பின் கட்டளைப்படி அமைக்கப்பட்ட அக்கப்பல், 64 பீரங்கிகளை இரண்டு தட்டுகளிலே தாங்கி, 1628 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 10 ஆம் திகதி தன் முதற் பயணத்தைத் தொடங்கிற்று. ஏறத்தாழ 1,300 மீற்றர் தூரம் சென்றதும், சிறியதொரு காற்று மோதவே, ஒரு பக்கமாகச் சாய்ந்து, துறைமுகத்தின் உள்ளேயே மூழ்கிப்போயிற்று. கீழ்ப்பாகம் தாங்கக்கூடிய அளவுக்கு மேலாக மேற்பாகம் கனத்திருந்ததே காரணம்.

இதிற் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. கப்பல் புறப்படுமுன்னர் அதன் உறுதியைச் சோதிப்பதற்காக முப்பது பேரை மேற்றட்டில் இங்கும் அங்கும் ஓடச் செய்தனர். கப்பல் அபாயகரமாக ஆடத் தொடங்கவே, அது கவிழ்ந்துவிடுமென்று அஞ்சிச் சோதனையை நிறுத்திவிட்டனர். சோதனையை நிறுத்தினார்களேயன்றிப் பயணத்தை நிறுத்தவில்லை. 333 ஆண்டுகளின் பின்னர், 1961 ஆம் ஆண்டிலே கடலடியிலிருந்து மேலே கொணரப்பட்ட அக்கப்பலை, இன்று அதற்கெனவே அமைந்த நூதனசாலையிற் காணலாம்.

மனைவி கேட்ட கேள்வியும் அந்த முப்பது பேரின் ஓட்டத்தைப் போன்றதே. திட்டம் ஆடுகிறதா என்று துறைமுகத்திலேயே பார்த்துவிட வேண்டும். நடுவழியிலே பிள்ளை அழும்போதும் முதியவர் களைத்து அமரும்போதும் பார்ப்பதிற் பயனில்லை.

கணக்குப் பார்க்கையில் முதலில் ஆட்டங் காண்பது வடமுனைதான். வட அகலக்கோடு 71 பாகைக்கு அப்பாலுள்ள அம்முனையில், மே மாத நடுவிலிருந்து யூலை மாத இறுதி வரையிற் சூரியன் மறைவதில்லை. நள்ளிரவிலே சூரியனைக் காண்பது தந்தையின் இளமைக்கால ஆசை. பாடசாலைப் பருவத்திலே பூமிசாத்திர நூலிற் கண்ட படம் அவர் மனத்தை விட்டு அகலவேயில்லை. ஆனால் ஒஸ்லோவிலிருந்து வடமுனைக்குத் தரைவழி ஏறத்தாழ 2,000 கிலோமீற்றர். நோர்வேயில் ஊர்களுக்கு வெளியே வீதிகளின் பொதுவான வேக எல்லை மணிக்கு 80 கிலோமீற்றர் மாத்திரமே. பிள்ளைகளோடும் முதியவரோடும் போவதற்கு நான்கு நாள், மீள்வதற்கு நான்கு நாள் என்றால், பதினான்கில் எட்டு நாள் வண்டிக்குள்ளேயே கழிந்துவிடும். விமானத்திற் சென்றாலும் மூன்று நாளாவது வேண்டும். ஐவருக்கும் கட்டணம் வேண்டும். இவ்வளவும் செய்து அங்கே சேர்ந்த அன்று வானம் முகில் மூடிக்கிடந்தால், நள்ளிரவுச் சூரியன் முகிலுக்கு மேலேதான் நிற்கும்.

இந்நிலையில் அக்குடும்பம் நல்லதொரு முறையைக் கைக்கொள்கிறது. ஒவ்வொருவரும் ஓர் ஆசையை மட்டும் சொல்லவேண்டும். ஊர்ப் பெயர்களின் நிரையை ஒதுக்கிவிட்டு, அந்த ஐந்து ஆசைகளைக் கொண்டு பாதையை வகுக்கவேண்டும்.

மகள் கேட்பது கொப்பன்ஹேகனிலுள்ள டிவோலிப் பூங்கா. 1843 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அப்பூங்காவிலே இராட்டினங்களும், இசையும், மாலையில் ஏற்றப்படும் விளக்குகளும் இன்றும் பிள்ளைகளை மகிழ்விக்கின்றன. மகன் கேட்பது வாசாக் கப்பல். தாய் கேட்பது பியோர்ட் எனப்படும் கடற்கழி. பண்டை நாளிலே பனிக்கட்டியாறுகள் குடைந்துசென்ற மலைப் பள்ளத்தாக்குகளிற் கடல்நீர் புகுந்து, நாட்டின் உட்புறம் நெடுந்தூரம் நீண்டு கிடப்பதே பியோர்ட்டாகும். தந்தை கேட்பது நள்ளிரவுச் சூரியன். மூதாட்டியோ இடம் எதனையும் சொல்லவில்லை. "ஒரு நாளாவது எங்கும் ஓடாமல், பேரப்பிள்ளைகளோடு ஓரிடத்தில் இருக்கவேண்டும். அவ்வளவுதான், தம்பி" என்கிறார்.

ஐந்து ஆசைகளுள் நான்கு ஒரே கோட்டில் அமைகின்றன. ஒன்று மட்டும் அமையவில்லை. அந்த ஒன்று திட்டம் தீட்டுகிறவருடையது. தம் பெயருக்கு நேரே தாமே கோடு கிழிப்பது எளிதன்று. ஆயினும் குடும்பப் பயணத்துக்குத் தலைமை தாங்குகிறவரின் முதற் கடமை அதுவேயாகும். தந்தை கோட்டைக் கிழிக்கிறார். அதன் பின் திட்டம் தானாகவே நிமிர்ந்து நிற்கிறது.

இனி அத்திட்டத்தின் அமைப்பைப் பார்க்கலாம். ஒரு நகரிலே வந்திறங்கி, மற்றொரு நகரிலிருந்து விமானமேறுதல் இதன் முதல் விதி. வந்த வழியே திரும்புவதால் வீணாகும் நாள் இதனால் மிஞ்சுகிறது. கொப்பன்ஹேகனில் இறங்கிப் பேர்கனிற் புறப்படலாம்.

முதல் மூன்று இரவுகள் கொப்பன்ஹேகனுக்கு உரியவை. வந்திறங்கிய நாளில் எந்த வேலையும் வைத்துக்கொள்ளலாகாது. இரண்டாம் நாள் டிவோலிப் பூங்காவுக்கும், 1913 ஆம் ஆண்டு முதல் கடற்கரைப் பாறைமீது அமர்ந்திருக்கும் கடற்கன்னிச் சிலைக்கும் உரியது. அச்சிலையின் உயரம் 1.25 மீற்றர் மாத்திரமே என்பதைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுதல் நன்று. அன்டர்சனின் கதையை வாசித்துவிட்டுச் செல்லும் பிள்ளை சிலையின் சிறுமையைப் பொருட்படுத்தாது. மூன்றாம் நாள் புகையிரதத்தில் முக்கால் மணி நேரம் சென்றால் ஹெல்சிங்கோர் என்னும் ஊரில் குரோன்போர்க் கோட்டையைக் காணலாம். ஷேக்ஸ்பியர் தமது ஹம்லெட் நாடகத்துக்குக் களமாக்கிய கோட்டை அதுவே. அதன் கரையில் நின்றால், ஏறத்தாழ நான்கு கிலோமீற்றருக்கு அப்பால் சுவீடன் தெரியும்.

நான்காம் நாள் ஸ்டொக்ஹோமுக்குப் பயணம். 2000 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஓரசுன்ட் இணைப்பின் வழியே புகையிரதம் செல்கிறது. முதலிற் கடலடிச் சுரங்கம். பின்னர் மனிதர் ஆக்கிய தீவொன்று. அதன்பின் ஏறத்தாழ எட்டுக் கிலோமீற்றர் நீளமான பாலம். ஒரே வழியிற் கடலின் கீழும் கடலின் மேலும் செல்வது பிள்ளைகளுக்குப் பெருவியப்பாகும். ஸ்டொக்ஹோமைச் சென்றடைய ஐந்து மணி நேரத்துக்குச் சற்று மேலாகும்.

பதினான்கு தீவுகளின்மேல் அமைந்த அந்நகரில் நான்கு இரவுகள் தங்கலாம். ஒரு நாள் வாசாக் கப்பலுக்கு. பதினெட்டு வயதுக்கு உட்பட்டோருக்கு அங்கே கட்டணம் இல்லை. மற்றொரு நாள் ஸ்கான்சன் என்னும் திறந்தவெளி நூதனசாலைக்கு. 1891 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அவ்விடத்திலே பழைய கிராம வீடுகளும் தொழிற்கூடங்களும் நாட்டின் பல பகுதிகளிலிருந்து கொணர்ந்து நிறுத்தப்பட்டுள்ளன. மூன்றாவது நாளுக்கு நேரே திட்டத்தாளில் ஒன்றும் எழுதப்படவில்லை.

எட்டாம் நாள் ஒஸ்லோ. ஏறத்தாழ ஆறு மணி நேரப் பயணம். கோடை காலத்திலேயே பாதை திருத்தும் வேலைகளும் நடப்பதுண்டாதலின், அந்நாளில் வண்டி ஓடுகிறதா என்பதை இருக்கை பதிவு செய்யும்போதே உறுதிப்படுத்திக்கொள்ளவேண்டும். ஒஸ்லோவில் இரண்டு இரவுகள். அங்கேயுள்ள பிராம் நூதனசாலையில், 1911 ஆம் ஆண்டு தென்துருவத்தை முதன்முதல் அடைந்த அமுண்ட்சன் அப்பயணத்துக்குப் பயன்படுத்திய கப்பலினுள்ளே ஏறிப் பார்க்கலாம். அதற்கருகே, 1947 ஆம் ஆண்டு பெருவிலிருந்து 101 நாள் பசிபிக் சமுத்திரத்தைக் கடந்த கொன்-டிக்கி என்னும் கட்டுமரம் இருக்கிறது.

பத்தாம் நாள் பேர்கன் செல்லும் புகையிரதப் பாதை. 1909 ஆம் ஆண்டு முழுமை பெற்ற அப்பாதை, 1,222 மீற்றர் உயரத்திலுள்ள பின்சே நிலையத்தைக் கடந்து செல்கிறது. யூலை மாதத்திலும் அங்கே சன்னல்வழியே பனித் திட்டுகளைக் காணலாம். மீர்டால் நிலையத்தில் இறங்கிச் சிறிய வண்டியொன்றில் ஏறினால், அது இருபது கிலோமீற்றர் தூரத்தில் 860 மீற்றருக்கு மேல் இறங்கி, இருபது சுரங்கங்களைக் கடந்து, புளோம் என்னும் கடற்கழிக் கிராமத்தில் விடும். அங்கே இரண்டு இரவுகள். பன்னிரண்டாம் நாள் புளோமிலிருந்து குட்வாங்கன் வரை இரண்டு மணி நேரப் படகு. வழியிலுள்ள நேரோய் பியோர்ட் ஓரிடத்தில் 250 மீற்றர் அகலம் வரை குறுகிவிடுகிறது; இருமருங்கும் மலைகள் செங்குத்தாக எழுந்து நிற்கின்றன. 2005 ஆம் ஆண்டில் உலக மரபுச் சொத்தாக அது பதியப்பட்டது. குட்வாங்கனிலிருந்து வோஸ் வரை பஸ், அங்கிருந்து பேர்கன் வரை புகையிரதம். பேர்கனில் இரண்டு இரவுகள். பதினான்காம் நாள் விமானம்.

ஆக, பதின்மூன்று இரவுகளுக்கு ஐந்தே தங்குமிடங்கள். பெட்டியைக் கட்டுவதும் அவிழ்ப்பதும் ஐந்து முறைதான். ஓரிரவு மட்டும் தங்கும் இடம் ஒன்றேனும் இதில் இல்லை. பிள்ளைகளும் முதியவர்களும் உள்ள குடும்பத்துக்கு இதைவிடச் சிறந்த அளவுகோல் வேறில்லை.

காலத்தைத் தெரிவதிலும் கவனம் வேண்டும். யூன் மாதம் 19 ஆம் திகதிக்கும் 25 ஆம் திகதிக்கும் இடைப்பட்ட வெள்ளிக்கிழமையிற் சுவீடனில் நடுக்கோடை விழாத் தொடங்கும். நகரத்தவர் நாட்டுப்புறம் சென்றுவிடுவர். கடைகள் பல பூட்டப்பட்டிருக்கும். யூலை மாதத்திலே அந்நாட்டு மக்களே விடுமுறையிற் பயணஞ் செய்வர். ஆகையாற் புளோம் வண்டியிலும் கிராம விடுதிகளிலும் இடம் கிடைப்பது அரிது. பல மாதங்களுக்கு முன்னரே பதிவுசெய்தல் அவசியம். ஓகஸ்ட் நடுப்பகுதியில் அங்குள்ள பாடசாலைகள் தொடங்கிய பின்னர் நெருக்கம் குறையும். பகலின் நீளமும் குறையும்.

செலவைப் பொறுத்தவரையில், இந்நாடுகள் மலிவானவையல்ல. மூன்று நாடுகளிலும் நாணயத்தின் பெயர் குரோனர் என்றே பொருள்பட்டாலும், மூன்றும் வெவ்வேறு நாணயங்கள், மதிப்பும் வேறு. ஆயினும் காசுத்தாளுக்கு அங்கே வேலை குறைவு. பெரும்பாலும் வங்கி அட்டையே வழங்குகிறது. சமையலறையுடன் கூடிய தங்குமிடத்தைத் தெரிந்துகொண்டால், செலவின் பெரும்பகுதியாகிய உணவுச் செலவு சுருங்கும். காலை உணவு சேர்ந்த ஹோட்டல்களில் அதனை வயிறார உண்டுவிட்டு, நண்பகலுக்குப் பாணும் பழமும் கையிற் கொண்டுபோகலாம். குழாய்நீர் தூய்மையானது, போத்தல் நீருக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. கொப்பன்ஹேகனிலே பெரியவர் ஒருவருடன் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் இருவர் பஸ்ஸிலும் புகையிரதத்திலும் கட்டணமின்றிச் செல்லலாம்.

உடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பேர்கனில் ஆண்டுக்கு இருநூறு நாட்களுக்கு மேல் மழை பெய்கிறது. கெட்ட வானிலை என்று ஒன்றில்லை, தகாத உடையே உண்டு என்பது நோர்வேயர் வழக்கு. ஒருவருக்கு ஒரு பெட்டி, ஒரு மழைச்சட்டை, ஒரு கம்பளிச் சட்டை போதும். இரவிலும் வெளிச்சம் நிலவுவதால், பிள்ளைகளின் உறக்கத்துக்காகக் கண்ணை மூடிக்கட்டும் துணிப்பட்டியொன்றும் இருத்தல் நன்று.

இலங்கையிலிருந்து செல்வோருக்கு விசா வேண்டும். 2001 ஆம் ஆண்டு முதல் இம்மூன்று நாடுகளும் ஷெங்கன் உடன்படிக்கையைச் செயற்படுத்துவதால், ஒரே விசா மூன்றுக்கும் செல்லும். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறார்களோ அந்த நாட்டுக்கே விண்ணப்பிக்கவேண்டும் என்பது விதி. மேற்கூறிய திட்டத்தில் டென்மார்க்குக்கு மூன்று, சுவீடனுக்கு நான்கு, நோர்வேக்கு ஆறு இரவுகள் ஆகையால், விண்ணப்பம் நோர்வேக்கு உரியது. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். பதினைந்து நாளுக்குப் பிந்தலாகாது. இங்கிருந்து செல்லும் குடும்பங்கள் பலவற்றுக்கு அங்கே உறவினரும் உண்டு. 1980 களில் நோர்வேயின் வடகரையிலுள்ள மீன் தொழிற்சாலைகளிலே உழைக்கச் சென்ற தமிழர் பலர். அவர்களுடைய பிள்ளைகள் இன்று அந்நாட்டிலே வளர்ந்து பல தொழில்களிலும் இருக்கின்றனர். உறவினர் வீட்டுக்குப் போகும் நாளையும் ஒரு முழு நாளாகவே திட்டத்தில் எழுதிக்கொள்ளவேண்டும். இரண்டு நூதனசாலைகளுக்கு இடையே அரை மணி நேரம் எட்டிப் பார்த்துவிட்டு வருவது, சென்றவருக்கும் நிறைவு தராது. சமைத்து வைத்துக் காத்திருந்தவருக்கும் நிறைவு தராது.

திட்டம் முடிவாயிற்று. தந்தை அதனைத் துப்புரவாக எழுதித் தாயாருக்கு வாசித்துக் காட்டுகிறார். மூதாட்டி கண்ணாடியை அணிந்துகொண்டு தாளைத் தாமே ஒருமுறை பார்க்கிறார்.

"ஏழாம் நாளுக்கு நேரே ஒன்றும் எழுதவில்லையே, தம்பி?"

"அது நீங்கள் கேட்ட நாள், அம்மா."

அந்த வெறும் நாளிலே என்ன செய்யலாம்? ஸ்டொக்ஹோமுக்கு வெளியே கடலிற் பரந்து கிடக்கும் தீவுகளும் பாறைகளும் ஏறத்தாழ முப்பதினாயிரம். அவற்றுள் ஒன்றுக்குக் காலையிற் படகிற் சென்று, மாலையில் மீளலாம். காட்டிலே யாவரும் நடக்கலாம், காட்டுப் பழங்களை யாவரும் பறிக்கலாம் என்பது சுவீடனில் மக்களுக்கு உள்ள பொதுவுரிமை. பிள்ளைகள் பழம் பறிப்பர். மூதாட்டி மரநிழலில் அமர்ந்திருப்பார். கோப்பியோடு அங்கே உண்ணும் இனிப்பு ரொட்டியில் ஏலக்காய் மணக்கும். அந்த மணம் வடதேசத்திலே எவ்வாறு வந்தது என்று பேரப்பிள்ளைகள் கேட்பர். அதற்கு ஒரு பிற்பகல் முழுதும் கதை சொல்லலாம்.

தந்தையின் ஆசையும் முற்றாக வீண்போகவில்லை. யூலை முற்பகுதியிலே ஒஸ்லோவிற் சூரியன் மறைவது இரவு பத்தரை மணிக்குப் பின்னரே. மறைந்த பின்னும் வடதிசை வானம் விடியும்வரை இருள்வதில்லை. பிள்ளைகள் உறங்கிய பின், நள்ளிரவிலே சன்னற் சீலையைச் சற்று விலக்கினால், அந்த ஒளியை அவர் காணலாம். அந்த ஒளிக்கு அப்பால், இன்னும் வடக்கே, மறையாத சூரியன் நிற்பதை அவர் அறிவார். பிள்ளைகள் வளர்ந்து தத்தம் வழியிற் சென்ற பின்னர், கணவனும் மனைவியும் மட்டும் அங்கே செல்வதற்கு ஒரு கோடை வரலாம். சூரியன் அதுவரை அங்கே காத்திருக்கும். ஏழாம் நாள் காத்திராது.